திரை வேண்டாத கம்ப்யூட்டர்

நூலகத்தின் கீழ்த்தளத்தில், உடைந்த நாற்காலிகள் அடுக்கிய மூலைக்குப் பக்கத்தில் ஓர் அறை. கதவில் எழுத்து எதுவும் கிடையாது. கைப்பிடிக்குச் சற்று மேலே, விரல் தானாகப் போய்ப் படும் உயரத்தில் ஒரு பித்தளைத் தகடு, அதில் சில புள்ளிகள். தகட்டை அடித்து மாட்டியது அம்மா. கண் தெரிந்தவர்கள்தான் அந்த அறையைக் கண்டுபிடிக்க முடியாமல் மாடிக்கும் கீழுக்கும் அலைவார்கள். எழுத்திலும் ஒரு பலகை வைக்கலாமே என்று நூலகர் கேட்டபோது, "தேடி வர்றவங்களுக்குக் கிடைக்குதே மேடம்" என்றாளாம்.

அந்த அறையின் தரையில் மகள் இப்போது சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே மூடி கழற்றிய கம்ப்யூட்டர். பக்கத்தில் மாடியிலிருந்து இரவல் வாங்கி வந்த மானிட்டர். மானிட்டரில் ஒரே ஒரு வரி, கெர்னல் ஏற்றப்படுகிறது என்று. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. திங்கட்கிழமையிலிருந்து இதே வரிதான். இன்று வியாழன்.

கெர்னல் என்பது கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் எழுந்திருக்கும் நிரல். வீட்டில் முதலில் எழுகிற ஆளைப்போல அதுதான் மற்ற எல்லாரையும் எழுப்ப வேண்டும். டிஸ்க் எங்கே, கீபோர்டு எங்கே, மெமரி எவ்வளவு என்று பார்த்து ஒவ்வொன்றையும் தட்டி எழுப்பிவிட்டுத்தான் அது ஓயும். கடையில் வாங்கும் கம்ப்யூட்டரில் அது தயாராக வரும். இந்தக் கம்ப்யூட்டரில் இருந்த கெர்னலை அம்மா தன் கையால் கட்டியிருந்தாள். இப்போது கட்டியிருப்பது மகள். எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

எழுந்திருக்காத கம்ப்யூட்டர்களை எழுப்புவதுதான் மகளுக்கு வேலை. தூரத்து நகரமொன்றில் பெரிய நிறுவனம். குளிரூட்டிய கூடங்களில் வரிசை வரிசையாக இயந்திரங்கள். எது படுத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அம்மாவின் ஒற்றைக் கம்ப்யூட்டருக்கு ஒரு நாள் போதும் என்று நினைத்து விடுப்பு எடுத்து வந்திருந்தாள். மீதி நாட்களை அப்பாவோடு கழிக்கலாம் என்று எண்ணம். அப்பா இன்று காலையும் தனியாகத்தான் சாப்பிட்டார்.

அம்மா நூலகத்தில் சேர்ந்தது புத்தகங்களுக்கு அட்டை ஒட்ட. படிப்பு பள்ளியோடு சரி. பசை, கத்தரி, துணிநாடா, இவைதான் அவள் ஆயுதங்கள். எதையும் பாதியில் விடத் தெரியாது. பஸ் தாமதமானால் நிறுத்தத்தில் நிற்கப் பொறுக்காமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடப்பாள், அதற்குள் பஸ் அவளைத் தாண்டிப் போய்விடும். வீட்டுக்கு வந்து பஸ்ஸைத் திட்டுவாள். "நின்ன இடத்துல நின்னிருக்கலாமே" என்பார் அப்பா. அவர் பள்ளிச் சீருடை தைப்பவர். உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராமல் உலகத்தையே தைத்துவிடலாம் என்று நம்புகிறவர்.

ஒருநாள் நூலகத்துக்கு யாரோ நன்கொடையாக ஒரு பழைய கம்ப்யூட்டரும், பார்வையற்றோருக்கான பிரெய்ல் பக்கங்களைக் குத்தித் தரும் ஓர் அச்சு இயந்திரமும், பேசும் பெட்டி ஒன்றும் அனுப்பினார்கள். பெட்டி சோப்பு டப்பா அளவு. கம்ப்யூட்டரிலிருந்து வரும் எழுத்தையெல்லாம் மூக்கால் வாசிக்கும். இவற்றை நிறுவ வேண்டிய ஆள் ஒருமுறை வந்து டீ குடித்துவிட்டுப் போனார். அப்புறம் ஆளைக் காணோம். வந்த மானிட்டரைக் கணக்குப் பிரிவு எடுத்துக்கொண்டது. மிச்சத்தைத் துணி போட்டு மூடி வைத்தார்கள்.

துணியை விலக்கியது அம்மா. துணி அழுக்காயிருக்கிறது, துவைக்கலாம் என்றுதான் எடுத்தாளாம். அடியில் இருந்ததைப் பார்த்ததும் துணியை மறந்துபோனாள்.

அதிலிருந்து அவள் கற்றதெல்லாம் தட்டுத்தடுமாறித்தான். ஆங்கிலக் கையேட்டை மடியில் வைத்து, அகராதியைத் தொடைக்கு அடியில் வைத்து, அப்பாவின் தையல் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே படிப்பாள். மகள் அப்போது பள்ளிச் சிறுமி. அவள் பொறியியல் படித்து முடித்தபிறகு அம்மா எப்போதாவது போனில் சந்தேகம் கேட்பாள். பதிலைச் சொன்னால், "நீ சொல்றது சரியா இருக்கும், ஆனா நான் இன்னொரு தடவ பாத்துக்கறேன்" என்பாள். மகளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மதியத்துக்கு மேல் கதவு திறந்தது. முதலில் தடி, பின்னால் ஃபிளாஸ்க், அதற்குப் பின்னால் புள்ளி மாமா.

அவர் அந்த அறையின் பிழைதிருத்துநர். அச்சாகி வரும் பிரெய்ல் பக்கங்களை விரலால் படித்துப் பிழை பார்ப்பார். பிறவியிலேயே பார்வை இல்லை. எதிலும் ஒரு புள்ளி குறைகிறது என்பார். டீயில் சர்க்கரை போதாவிட்டாலும் ஒரு புள்ளி குறைகிறது, யாராவது கோபமாகப் பேசினால் அவர்களுக்கே ஒரு புள்ளி குறைகிறது. அதனால் வந்த பெயர். அம்மாவைத் தங்கச்சி என்பார். அந்தக் கணக்கில் மகளுக்கு மாமா. மகள் அவருக்கு மருமகள்.

"என்ன மருமகளே, உன் பேஷண்ட் எப்படி இருக்கார்?"

"படுத்த படுக்கைதான் மாமா."

"நாலு நாளா வைத்தியம் பாக்கறே. பெரிய ஊர் டாக்டர்னு சொல்லி வெச்சிருக்கேன் எல்லார்கிட்டயும். என் மானத்த வாங்கிடாதே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் ஃபிளாஸ்க்கை மேசையில் வைத்த கை இரண்டு முறை இடம் தவறியது. அவர் கை இடம் தவறி மகள் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். அம்மா இறந்து சில வாரங்களில், மின்சாரம் ஏறி இறங்கியதில் கம்ப்யூட்டரின் மதர்போர்டு கருகிவிட்டது. மேலிடம் வேறு போர்டும் புது டிஸ்க்கும் வாங்கித் தந்தது. பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே புதியதில் படியெடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார் கடைக்காரர். ஆனால் அம்மாவின் கெர்னல் பழைய போர்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. புதியதற்குப் பொருந்தவில்லை. கம்ப்யூட்டர் படுத்ததும் பிரெய்ல் அச்சும் நின்றது. மாமா மாடியில் ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் அறை ஓடினால் அறை அவருக்கு. ஓடாவிட்டால் அறை நாற்காலிகளுக்கு, மாமா தொலைபேசி எடுத்துப் பேசும் வேலைக்கு.

நூலகர் நல்ல மனுஷி. சாதாரண லேப்டாப் ஒன்று வாங்கித் தருகிறேன், அதுவும் பேசும் என்று சொல்லிப் பார்த்தார். மாமா வேண்டாம் என்றுவிட்டார். அந்த லேப்டாப்புக்கு இந்தப் பழைய அச்சு இயந்திரத்தோடு பேசத் தெரியாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று அவருக்கு இருந்தது. அம்மா கெர்னல் கட்டப் போனதே அந்தக் காரணத்தால்தான்.

ஆரம்பத்தில் இந்தக் கம்ப்யூட்டரும் எல்லாக் கம்ப்யூட்டரையும்போல முழுக்க எழுந்த பிறகுதான் பேசும். ஒருநாள் காலை பாதியில் நின்றுவிட்டது. மாமா கீபோர்டு முன்னால் உட்கார்ந்தே இருந்தார். அம்மா அட்டை ஒட்டும் வேலை முடித்துக் கீழே வந்தபோது மதியம்.

"எப்ப இருந்துண்ணா நிக்குது?"

"எனக்கென்ன தெரியும் தங்கச்சி. உன் மெஷின் எழுந்து குளிச்சு சட்ட போட்டப்புறம்தான் எங்கிட்ட பேசும். அதுக்கு முன்னாடி வழுக்கி விழுந்துட்டா நான் யாரைக் கேக்கறது? யாராவது வந்து பாத்துச் சொல்ற வரைக்கும் நான் உக்காந்திருக்கணும். அது உயிரோட இருக்கான்னுகூடத் தெரியாம."

அம்மா அன்று வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடவில்லை. பேச்சைக் கெர்னலுக்குள்ளேயே வைத்துவிட முடியும் என்று எங்கோ படித்திருந்தாள். வைத்தால், கம்ப்யூட்டர் எழும்போதே ஒவ்வொரு அடியையும் சொல்லிக்கொண்டு எழும். விழுந்தால் எங்கே விழுந்தேன் என்பதையும் சொல்லும்.

அடுத்த விடுமுறைக்குக் கம்ப்யூட்டரும் பெட்டியும் வாடகை வண்டியில் வீட்டுக்கு வந்தன. மானிட்டர் கிடையாது. கெர்னலைக் கட்டுமுன் அது கேள்வி கேட்கும். ஒன்றா இரண்டா, ஆயிரக்கணக்கில். இது வேண்டுமா, அது வேண்டுமா, ஆமா இல்லையா. பெட்டி சமையலறை அலமாரியில் உட்கார்ந்து மூக்கால் கேட்கும். அம்மா காய் நறுக்கிக்கொண்டே காதால் கேட்டு ஒரு விரலால் பதில் தட்டுவாள். நடுநடுவே முன்னறைக்குக் குரல் கொடுப்பாள்.

"ஏங்க, டிவி கார்டு வேணுமான்னு கேக்குது."

"நம்ம வீட்ல டிவியே இல்லையே."

"விளையாட்டுக் குச்சி?"

"அது எதுக்கு?"

"ஹாம் ரேடியோ?"

"அதான் ரேடியோ ஒண்ணு இருக்கே. இருந்தாலும் கேக்குதுன்னா போடேன், பாவம்."

மகள் உணவு மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு இதையெல்லாம் கேட்டு வளர்ந்தாள். மற்ற பிள்ளைகளின் வீட்டில் பாட்டு ஓடும். அவள் வீட்டில் அந்த மூக்குக் குரல்.

இவற்றையெல்லாம் அவள் மறந்திருக்கவில்லை. இந்தத் திங்கட்கிழமை அறைக்குள் வந்து, புது போர்டுக்கு மின்சாரம் கொடுத்ததும் பெட்டி தன் வழக்கப்படி "தயார்" என்றது. அவ்வளவுதான். மகளின் கை போய் அதன் ஒயரைப் பிடுங்கியது. பெட்டியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மாடிக்குப் போய் மானிட்டரைத் தூக்கி வந்தாள்.

அதன்பிறகு செய்ததெல்லாம் முறைப்படிதான். அம்மாவின் பழைய பதில்களெல்லாம் அடங்கிய அமைப்பை எடுத்து, புதுப் பதிப்புக் கெர்னலுக்குக் கொடுத்து, புது டிஸ்க்கோடு பேசக் கற்றுத்தரும் டிரைவர் என்ற நிரலைச் சேர்த்து, தன் லேப்டாப்பில் கட்டி இதில் வைத்தாள். வரி வந்தது. கெர்னல் ஏற்றப்படுகிறது. நின்றது. மெமரியை மாற்றிப் போட்டாள். மின் சிக்கன வசதிகளை அணைத்தாள். பதிப்பை மாற்றினாள். எல்லாவற்றையும் விரிவாகச் சொல் என்று கட்டளை கொடுத்துப் பார்த்தாள். தலைகீழாக நின்றும் அந்த ஒரு வரிக்குக் கீழே இன்னொரு வரி வரவில்லை. ஏற்றிய நொடியிலேயே உயிர் போகிறது என்று முடிவுகட்டினாள். புது போர்டே பழுது என்றுகூட நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

மாமா தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல மாமா. அதான் பிரச்சனையே."

"ஒண்ணுமேவா?"

"எடுத்த எடுப்புலயே நின்னுடுது. ஒரே வரி."

"வரியா?" மாமாவின் கை மேசையின் பின்பக்க விளிம்பில் வழக்கமான பாதையில் போனது. வெற்றிடத்தில் நின்றது. அங்கேயே தடவியது. "பெட்டி எங்கே?"

மகள் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தாள்.

"மருமகளே. பெட்டி எங்கே?"

"அலமாரில இருக்கு."

"கெட்டுப்போச்சா?"

"இல்ல."

"அப்புறம்?"

ஸ்க்ரூ டிரைவரை மகள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "அந்தக் குரலைக் கேட்டா அம்மா சமையலறைல நின்னுக்கிட்டு இருக்கற மாதிரி இருக்கு மாமா. திரும்பிப் பாத்தா இல்ல. அதான்."

மாமா ஃபிளாஸ்க் மூடியைத் திறந்தார், மூடினார்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார். "அதுக்காகத்தான் நான் அந்தக் குரல் எப்ப வரும் எப்ப வரும்னு மாடில உக்காந்திருக்கேன்."

மகள் எழுந்து அலமாரியைத் திறந்தாள்.

துணியைப் பிரித்துப் பெட்டியை அதன் இடத்தில் வைத்தாள். ஒயரைச் செருகும்போது துளை கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. மாமா கை நீட்டி வாங்கி ஒரே தடவையில் செருகினார். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள்.

"தயார்" என்றது பெட்டி.

மானிட்டரில் அந்த வரி வந்தது. கெர்னல் ஏற்றப்படுகிறது. நின்றது. வழக்கம்போல.

பெட்டி பேசத் தொடங்கியது.

மகள் மானிட்டரைப் பார்த்தாள். ஒரே வரிதான். பெட்டியைப் பார்த்தாள். அது மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் ஒப்பித்துக்கொண்டிருந்தது. மாமாவின் காதுக்காக அம்மா வைத்திருந்த வேகம். அவளால் பாதிக்கு மேல் பிடிக்க முடியவில்லை.

"எழுந்துட்டான்" என்றார் மாமா.

"இல்ல மாமா, ஸ்க்ரீன்ல..."

"ஸ்க்ரீனை விடு. பேசறானே. செத்தவன் பேசுவானா?"

பெட்டி ஓடிக்கொண்டே போனது. மாமா தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். பல வருடக் காலைகளில் கேட்ட பாராயணம். அர்த்தம் தெரியாது, மெட்டு தெரியும். "மெமரி சொல்லிட்டான். இது கீபோர்டு. இது என்னமோ புதுசு, நான் கேட்டதில்ல. இங்க இழுப்பான்... இழுத்துட்டான்." சட்டென்று பெட்டி நின்றது. மாமாவின் தலை நிமிர்ந்தது. "ஏதோ வெயிட்டிங்னான். அப்புறம் வாய மூடிக்கிட்டான். கீபோர்டுதான் கோளாறு, எழுதி வெச்சுக்கோ."

"கீபோர்டு இல்ல மாமா. இன்னொரு தடவ போடறேன். வேகத்தைக் குறைக்கறது எப்படி?"

"பக்கத்துல திருகு இருக்கு. ரொம்பக் குறைக்காதே, எனக்குத் தூக்கம் வந்துடும்."

இரண்டாம் முறை மெதுவாக வந்தது. கடைசி வரியை மகள் தெளிவாகக் கேட்டாள். வேர் டிஸ்க்குக்காக, மற்ற நிரலெல்லாம் இருக்கும் அந்த டிஸ்க்குக்காக, காத்திருக்கிறேன் என்றது கெர்னல். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அமைதி.

அவள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாலு நாட்களாக அது சாகவில்லை. காத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அடுக்கடுக்காக எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே எழுந்து, கடைசியில் டிஸ்க்கைக் காணாமல், வரும் வரும் என்று நின்றிருக்கிறது. ஒயர் பிடுங்கிய துளைக்குள் அதையும் சொல்லியிருக்கிறது. இவள் ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறாள்.

"என்ன ஆச்சு? அழறியா?"

"இல்ல மாமா. டிஸ்க்குக்காகக் காத்திருக்காம். கிடைக்கலன்னா விழுந்துடாதே, வர்ற வரைக்கும் நில்லுன்னு அம்மா சொல்லி வெச்சிருக்கா. பழைய டிஸ்க் சுத்த ஆரம்பிக்க நேரமாகும், அதுக்காகப் போட்டிருப்பா."

"உங்கம்மாவா?" மாமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஒரு பஸ்ஸுக்கு நிக்கத் தெரியாது அவளுக்கு. மெஷினுக்கு மட்டும் பொறுமை சொல்லிக் குடுத்திருக்கா பாரு."

மகளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே லேப்டாப்பை மடியில் இழுத்தாள்.

தவறு இப்போது கண்ணாடி மாதிரி தெரிந்தது. புது டிஸ்க்குக்கான டிரைவரை அவள் சேர்த்ததென்னவோ உண்மை. ஆனால் கெர்னலுக்குள் சேர்க்கவில்லை, தனித் துண்டாகச் செய்து டிஸ்க்கில் வைத்திருந்தாள். அலுவலகத்தில் அப்படித்தான் பழக்கம். அங்கே ஒரு சின்னத் தற்காலிக மூட்டை கெர்னலோடு கூடவே வரும், வேண்டிய டிரைவர்கள் அதில் இருக்கும். அம்மாவின் கம்ப்யூட்டரில் அந்த மூட்டை கிடையாது. வேண்டியதையெல்லாம் அவள் கெர்னலுக்குள்ளேயே வைத்துத் தைத்திருந்தாள். ஆக, டிஸ்க்கைத் திறக்கும் சாவியை மகள் டிஸ்க்குக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

"எழுந்து பல் தேய்க்கணும், பிரஷ் பக்கத்து வீட்ல இருக்கு, அந்த மாதிரியா?" என்றார் மாமா, விளக்கியதும்.

"கிட்டத்தட்ட."

"நீ படிச்ச படிப்புக்கு..."

"சொல்லிக் காட்டாதீங்க மாமா."

"சொல்லல. ஒரு புள்ளிதானே குறைஞ்சது. போடு."

டிரைவரை உள்ளே சேர்த்தாள். அப்படியே திரைக்கான பகுதியையும் தேடிப் பார்த்தாள். பார்த்தால், இல்லை. எழுத்தைத் திரையில் காட்டும் வசதி எதுவுமே அம்மாவின் அமைப்பில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் வேண்டாம் என்று பதில். மானிட்டரில் நாலு நாளாக நின்ற அந்த வரி, கெர்னல் எழுவதற்கு முன்னால் அதை ஏற்றிவிடும் நிரல் விட்டுப்போன எச்சம். அதை அழிக்கவோ அதற்குக் கீழே எழுதவோ இந்தக் கெர்னலுக்குத் தெரியவே தெரியாது. குருட்டாம்போக்கில் எடுத்த முடிவல்ல. அறையில் திரை இல்லை, இருந்தாலும் பார்க்க ஆளில்லை. இடத்தை அடைப்பானேன். அம்மா காய் நறுக்கிக்கொண்டே ஒரு விரலால் இல்லை என்று தட்டியிருப்பாள்.

அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, அந்தப் பெட்டி கேள்வி கேக்குமே, அப்ப ஸ்க்ரீன் வேணுமான்னு கேட்டது ஞாபகம் இருக்கா?"

தையல் இயந்திரம் நின்றது. "ஏன் இல்ல. நான்தான் சொன்னேனே, எதுக்கும் இருக்கட்டுமேன்னு. நாளைக்கு யாராவது வந்து பாக்கணும்னா என்ன பண்ணுவேன்னு கேட்டேன்."

"அம்மா என்ன சொன்னா?"

"கேட்டுக்கட்டும்னா." இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. பிறகு நின்றது. "சாப்பிட்டியாம்மா?"

"வந்து உங்களோட சாப்பிடறேன்ப்பா."

கெர்னல் கட்டி முடிவதற்குள் மாமா ஒரு டீ குடித்து முடித்தார். அவளுக்கும் ஊற்றினார். சர்க்கரையில் ஒரு புள்ளி குறைந்தது, இருவருமே சொல்லவில்லை. புதியதை வைத்தாள். பழையதை அழிக்காமல் பக்கத்திலேயே விட்டாள். இதுவும் படுத்தால் திரும்பிப் போக வழி வேண்டும். ஸ்விட்சைப் போடப் போன கையை நிறுத்தினாள்.

"நீங்க போடுங்க மாமா."

மாமா போட்டார்.

தயார். மெமரி. கீபோர்டு. மாமாவுக்குப் பழக்கமில்லாத அந்தப் புதிய வரி. இழுக்கிற இடம். அப்புறம் முன்பு இல்லாத ஒன்று வந்தது, டிஸ்க்கின் பெயர். டிஸ்க்கின் பகுதிகள். வேர் கிடைத்தது. பெட்டி நிற்காமல் அடுத்த வரிக்குப் போனது, அதற்கடுத்ததற்கு. மாமாவின் விரல்கள் மேசைமேல் தாளம் போட்டன.

சத்தம் கேட்டு நூலகர் படியிறங்கி வந்து கதவில் நின்றார். நேரே மானிட்டரைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"இன்னும் அதே வரிதானா? பரவால்லம்மா. நீ உன்னால முடிஞ்சதெல்லாம் பண்ணிட்ட. நாளைக்கு நான் அவங்ககிட்ட ஏதாவது..."

"மேடம்" என்றார் மாமா. "ஒரு நிமிஷம் கண்ண மூடிக்குங்க."

பெட்டி ஒரு கணம் நின்றது. குரல் மாறவில்லை, அதே மூக்குக் குரல். ஆனால் மொழி தமிழுக்கு மாறியது. தமிழ் எழுத்துக்கு ஒலி சொல்லிக் கொடுத்தது அம்மா. ழகரம் மட்டும் கடைசிவரை அதற்கு வரவில்லை. ஒவ்வொரு நாளும் கம்ப்யூட்டர் எழுந்ததும் வாசிக்க அவள் எழுதி வைத்திருந்ததை அது வாசித்தது.

"வந்தாச்சா. செருப்ப ஓரமா விடுங்க, போன தடவ தடுக்கிச்சு. தட்டுல கைய விட்டுக் காகிதம் இருக்கான்னு பாருங்க. டீய கீபோர்டு பக்கத்துல வைக்காதீங்கண்ணா, சொன்னா கேக்கவே மாட்டீங்க. பிலை எல்லாம் நெறைய இருக்கு, ஆரம்பிங்க."

மாமா ஃபிளாஸ்க்கைத் தேடி எடுத்துத் தரையில் வைத்தார்.

மகள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். நூலகர் கண்ணை மூடியபடியே இருந்தார். மகள் மூக்கை உறிஞ்சிவிட்டு, குனிந்து மானிட்டரின் ஒயரைக் கழற்றினாள்.

"ஏன் எடுக்கறே? திரையும் சேத்துடலாம்தானே" என்றார் நூலகர். "நாளைக்கு ஏதாவது கோளாறுன்னு நீ வந்தா, எப்படிப் பாப்பே?"

"கேட்டுக்கறேன் மேடம்."

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கையில் கோப்பு, இன்னொருவர் கையில் குடை. அறையைக் கண்டுபிடிக்க அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. உள்ளே வந்து, "ஸ்க்ரீன் எங்கே?" என்றார் குடைக்காரர்.

"உக்காருங்க. அதுவே சொல்லும்" என்றார் மாமா. ஸ்விட்சைப் போட்டார்.

கம்ப்யூட்டர் தன் பாட்டைப் பாடிக்கொண்டு எழுந்தது. வந்தாச்சா என்றது. செருப்பைப் பற்றிச் சொன்னபோது குடைக்காரர் தன் காலைப் பார்த்துக்கொண்டார். மாமா விரல்களால் கட்டளை தட்டினார். அச்சு இயந்திரம் தொண்டையைச் செருமி, தடதடவென்று புள்ளி குத்தத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் பாடம். மாதக்கணக்கில் பாதியில் நின்ற பக்கம். முதல் தாள் வெளியே வந்ததும் மாமா அதை வாங்கி, இரண்டு கை விரல்களையும் ஓடவிட்டார். உதடு முணுமுணுத்தது. பாதிப் பக்கத்தில் விரல் நின்றது. திரும்பி வந்தது. மறுபடி நின்றது.

மேசையை ஓங்கித் தட்டினார். "ஒரு புள்ளி குறையுது."

கோப்புக்காரர் பதறி நூலகரைப் பார்த்தார். "என்னம்மா, சரியா வேலை செய்யலையா?"

"செய்யுது சார்" என்றார் நூலகர். "அவர் வேலைக்கு வந்துட்டார்."

மகள் வெளியே நடைக்கூடத்தில், அம்மா அடித்த தகட்டுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். உள்ளே பெட்டி மாமாவிடம் எந்த வரி என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் போன் போட்டு, ஒன்றும் பேசாமல் கதவருகே நீட்டிப் பிடித்தாள். மறுமுனையில் தையல் இயந்திரம் நின்றது.

"யாரு, அவனா?" என்றார் அப்பா.

"அவன்தான்ப்பா."

"இன்னும் மூக்காலதான் பேசறானா?"

"ஆமாப்பா."

"பேசட்டும். கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிரு."